தூளியும் பிள்ளைக் காம்பராவும்

வயல் வேலைக்குப் போன தாய் குழந்தையை எங்கே விட்டாள் என்பதற்குத் தமிழ்நாட்டின் நஞ்சை ஊர்களில் நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது. பழைய சேலையை வரப்போர மரத்தின் கிளையில் முடிந்து தூளி கட்டினார்கள். கைக்குழந்தை அதில் உறங்கியது. நடவு நடும் வரிசை மரத்தை விட்டு விலகிப் போகும்; வரிசை முடிந்ததும் திரும்பி வரும். அழுகுரல் கேட்கும் தொலைவுதான் எல்லை. குரல் கேட்டால் தாய் சேற்றுக் காலோடு கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் இறங்குவாள். எறும்பு, வெயில், பாம்பு என்ற பயம் எப்போதும் உண்டு. அதற்காகவே தூளியடியில் ஐந்து அல்லது ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றை உட்கார வைத்தார்கள்.

நடக்கத் தொடங்கிய குழந்தைகள் ஊரிலேயே இருந்தன. பாட்டி, பக்கத்து வீட்டு முதியவள், இடுப்பில் தம்பியைச் சுமந்து திரியும் அக்காள் ஆகியோர்தான் காவல். தெருவே பார்த்துக்கொண்டது என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லப்பட்டாலும், தரைமட்டக் கேணியும் குளமும் திறந்த அடுப்பும் சிறு பிள்ளைகளைக் காவு கொண்டதும் அதே தெருவில்தான். அந்த ஏற்பாட்டின் முழு விலையையும் கொடுத்தவள் அக்காள். குழந்தை பார்க்க வேண்டும் என்பதற்காகப் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகள் எத்தனையோ தலைமுறைகளில் இருந்தார்கள்.

இந்த ஏற்பாடு முதலில் உடைந்த இடங்களில் முக்கியமானது இலங்கையின் மலைநாடு. அங்கே கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடைக் காலத்தில் போய், கையில் கொஞ்சம் காசோடு ஊர் திரும்பினார்கள். குழந்தைகள் ஊரிலேயே இருந்தன. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் அழிந்தது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரு செடியில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தாக வேண்டும், ஆண்டு முழுவதும். பறிக்கும் வேலை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் கொண்டுவரப்பட்டு லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். தாய் வந்தாள், பிள்ளைகள் வந்தன. பாட்டி பெரும்பாலும் வரவில்லை.

கொழுந்து பறிப்பவளால் குழந்தையை உடன் எடுத்துச் செல்ல முடியாது. கூடையின் கயிறு தலையில், கூடை முதுகில். இரண்டு கைகளும் செடிமேல். குழந்தையைச் சுமக்க உடம்பில் இடமில்லை. மலைச்சரிவில் மழையும் அட்டைக்கடியும் உண்டு. ஒரு நிரை முடித்து அடுத்த நிரை பிடிக்கும்போது அவள் அரை மலை தாண்டியிருப்பாள்; அழுகுரல் எட்டாது. விடியலில் தப்பு முழங்கியதும் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போகும்; அல்லது அரைப் பேர்தான் விழும். வயலில் வேலை நேரத்தைக் குழந்தையின் பசிக்கு ஏற்பக் கொஞ்சமாவது வளைக்க முடிந்தது. தோட்டத்தில் நேரம் வேலை வாங்கும் கங்காணிக்கும் தோட்டத் துரைக்கும் உரியது. குழந்தையைக் கொஞ்ச நேரம் விட்டுப் போகலாமா என்று யோசிக்கும் உரிமை தாய்க்கு இருக்கவில்லை. அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு என்பதைக் கொழுந்து நிறுவைதான் முடிவு செய்தது.

லய அறை ஒன்றுதான். சமையலும் உறக்கமும் அதற்குள்ளேயே. அடுப்பில் கங்கு இருக்க, சின்னப் பிள்ளைகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவது வழக்கமாயிற்று. பெரிய பிள்ளை இருந்தால் அதன் பொறுப்பில் விட்டார்கள். அதுவும் பத்து வயதை எட்டும் முன்னரே தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டால் அந்தக் காவலும் இல்லை. தோட்டப்பகுதிகளின் குழந்தை இறப்பு விகிதம் பல பத்தாண்டுகள் நாட்டின் பொது விகிதத்தைவிட உயர்ந்தே இருந்தது. ஊட்டக்குறைவும் வயிற்றுப்போக்கும் நெரிசலும் அதற்குக் காரணங்கள். பால் குடிக்கும் குழந்தை பகல் முழுவதும் தாயைப் பிரிந்திருந்ததையும் அவற்றோடு சேர்க்க வேண்டும்.

பிள்ளைக் காம்பரா இந்த நிலையில்தான் உருவானது. லயத்துக்கு அருகே தகரக் கூரை வேய்ந்த ஒரு நீண்ட அறை. உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். மலையேறிப் பறிக்க முடியாத வயதுப் பெண் ஒருத்தி ஆயம்மா. தாய்மார் பிரட்டுக்குப் போகும் வழியில் குழந்தையை அங்கே விட்டார்கள், இடையில் பால் கொடுக்க வந்து போனார்கள், மாலையில் அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகம் இதை இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. குழந்தையால் வேலைக்கு வராத பெண் ஒவ்வொருத்தியும் பறிக்கப்படாத கொழுந்து என்பது துரைமாருக்குத் தெரியும். அப்படியிருந்தும், பூட்டிய அறைக்குள் அடுப்போடு தனித்திருந்த குழந்தைக்கு ஆயம்மாவின் கண்ணும் கையும் கிடைத்தன. அது சிறிய மாற்றமல்ல. மலையகத்தில் இன்றைய நடுவயதினர் பலருக்குத் தாய்க்கு அடுத்து நினைவில் நிற்கும் முகம் தங்கள் ஆயம்மாவின் முகம்தான்.

குறைகளும் இருந்தன. நிறையக் குழந்தைகளுக்கு ஒரே ஆயம்மா. அவருக்குப் பயிற்சி ஏதும் இல்லை. ஒரு குழந்தைக்குத் தொற்று வந்தால் தொட்டில் வரிசை முழுவதற்கும் பரவும். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போனது. இக்காலத்தில் காம்பராக்கள் மெல்லச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் அமர்த்தப்பட்டார்கள். பெயர் மாறினாலும் பேச்சு வழக்கில் அது பிள்ளைக் காம்பராவாகவே நீடித்தது.

மலைத்தோட்டத்தில் நடந்தது பஞ்சாலை நகரங்களில் இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த தாய்மார், வீட்டில் விட்டுப் போகும் குழந்தை அழாமல் உறங்குவதற்காக அபின் உருண்டை கொடுத்தார்கள். 1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசுக்காகப் பெண் மருத்துவர் ஒருவர் நடத்திய விசாரணை, ஆலைத் தொழிலாளர் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இது கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபின் கலந்த அமைதிப்படுத்தும் மருந்துகள் இதே காரணத்துக்காக விற்பனையாயின. தாய்மாரைக் கல்நெஞ்சர் என்று கண்டித்து எழுதியவர்கள் இரண்டு நாடுகளிலும் இருந்தார்கள். அது நியாயமற்ற கண்டனம். பத்து மணி நேர வேலை, பாலூட்ட இடைவேளை இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; அந்த நிலையில் குழந்தையை உறங்க வைப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

1929இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்தது. பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்று அது கூறியது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கும்படி விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. அப்போதும் அது கட்டாயமல்ல. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைக் கட்டாயமாக்கியது. 1976இல் வரம்பு முப்பது பெண்களாகக் குறைந்தது. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் நீலகிரி, ஆனைமலைத் தோட்டங்களுக்கும் இதே கடமையை விதித்தது. அங்கும் வரம்பு ஐம்பது பெண்கள். 1981இல் செய்த திருத்தம், பெண்களின் எண்ணிக்கை குறைவாயிருந்தாலும் அவர்களின் குழந்தைகள் இருபது பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. வால்பாறை போன்ற இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை. தேயிலைக் காட்டை ஒட்டிய லைன் வீடுகளின் வாசலிலிருந்தே சிறுத்தை குழந்தையைத் தூக்கிப்போன சம்பவங்கள் அங்கே நடந்துள்ளன.

ஐம்பது என்ற எண்ணில் ஒரு பெரிய பிழை இருந்தது. காப்பகச் செலவு பெண்களை வேலைக்கு வைப்பதற்கான செலவாக எண்ணப்பட்டது. குழந்தைக்குத் தந்தையும் உண்டு என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. பஞ்சாலைகளில் பெண்களின் விகிதம் 1930களுக்குப் பின் தொடர்ந்து சரிந்தது. இயந்திர மாற்றமும் இரவு வேலைத் தடையும் அதற்கு முக்கியக் காரணங்கள். பேறுகாலப் பணமும் காப்பகமும் பெண்களோடு மட்டும் பிணைக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று தொழிலாளர் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். காப்பகம் கட்டுவதைவிட பெண்களின் எண்ணிக்கையை வரம்புக்குள் நிறுத்திக்கொள்வது முதலாளிக்கு எளிது.

ஊர் ஊராகப் போய்க் கட்டட வேலை செய்பவர்கள் இந்தச் சட்டங்கள் எதற்குள்ளும் வரவில்லை. 1969இல் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகத் தில்லி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, மண்ணும் கல்லும் குவிந்த இடத்தில் தொழிலாளர் குழந்தைகள் கிடப்பதை மீரா மகாதேவன் கண்டார். ஒரு கூடாரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். மொபைல் கிரஷ் என்ற அமைப்பின் தொடக்கம் அது. வேலை முடிந்து ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே நகரும். கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1996இல்தான் வந்தது. அதிலும் ஐம்பது பெண்கள் என்ற வரம்பே இருந்தது.

கிராமத்துக் குழந்தைகளுக்கு அரசு வந்தது வேறு வழியில். வேலைக்குப் போகும் தாயை நினைத்து வரவில்லை, ஊட்டத்தை நினைத்து வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குப் பால்வாடியில் மதியச் சோறு கிடைத்தது. கூடவே காலையிலிருந்து பிற்பகல் வரை ஒரு காவலும் கிடைத்தது. பால்வாடி வந்த ஊர்களில் அக்காள்மார் பள்ளிக்குப் போக வழி பிறந்தது. சத்துணவின் வரலாற்றை எழுதுபவர்கள் சோற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்தக் காவலைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. ஆனாலும் பால்வாடி திறக்கும் முன்பே நடவுக்குப் போகிறவளுக்கும், இரண்டு வயது நிறையாத குழந்தையை வைத்திருப்பவளுக்கும் அது உதவவில்லை. மிக அதிகம் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதுதான் விடுபட்டது.

விட்டுப்போகும் பெற்றோரைத் தண்டிக்கும் சட்டங்களும் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை முற்றாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுச்செல்வதைக் குற்றமாக்கியது. சிறிது நேரம் விட்டுப்போவதை அது தொடவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் புறக்கணித்துத் துன்பம் நேரச் செய்வதைத் தண்டிக்கிறது. தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழலால் பெற்றோர் குழந்தையைக் கைவிட நேர்ந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக்கூடாது என்ற விலக்கும் அதில் உண்டு. எத்தனை வயதுக் குழந்தையை எவ்வளவு நேரம் தனியே விடலாம் என்று இந்தியச் சட்டம் வரையறுக்கவில்லை. கூலி வேலையை நம்பி வாழும் நாட்டில் அப்படியொரு வரையறை வந்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைத் தாய்மாராகவே இருப்பார்கள். அது வராமலிருப்பதே நல்லது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கணக்கை வேறு பக்கமிருந்து தொடங்கியது. வேலைத்தளத்துக்கு வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் அன்றைய கூலி தர வேண்டும் என்றது. நடைமுறையில் பல இடங்களில் இது ஏட்டோடு நின்றது. ஆனால் விதி சரியானது. 2017இல் பேறுகாலப் பயன் சட்டத்தில் செய்த திருத்தம், ஆண் பெண் வேறுபாடின்றி ஐம்பது ஊழியர்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் கூறியது. பெண்களை மட்டும் எண்ணிய பழைய பிழை அதில் பாதி திருந்தியது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் ஐம்பது என்ற எண்ணையே வைத்துக்கொண்டது. அந்த வரம்பை விட்டுவிட்டு, 2005ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததைப் போலக் குழந்தைகளை எண்ணிக் காப்பகம் அமைப்பதே எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும் முறை.