முதிர்ந்த எண்ணெய் வயலின் மறுவாழ்வு



மனிதருக்கு முதுமை வருவதுபோல எண்ணெய் வயல்களுக்கும் முதுமை வருகின்றது. தொடக்கத்தில் தானாகவே மேலெழுந்து பாயும் எண்ணெய், ஆண்டுகள் செல்லச் செல்ல வேகங் குன்றுகின்றது. பின்னர் அதனோடு நீர் கலந்து வருகின்றது. இறுதியில் எண்ணெயிலும் நீரே மிகுதியாகின்றது. அந்நிலையில் வயல் வற்றிவிட்டதென்று கூறிக் கிணறுகளை மூடிவிடுதல் நெடுங்கால வழக்கமாயிருந்தது. ஆயின், வற்றியது வயல்தானா, அன்றி அதனைப் பற்றிய நம் அறிவுதான் குறைவுடையதா? இவ்வினாவுக்கு வட கடலிலுள்ள போர்ட்டீஸ் வயலின் வரலாறு தக்கதொரு விடை தருகின்றது.

ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் தொலைவில், நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடைய கடலின் அடியில் இவ்வயல் அமைந்துள்ளது. போர்ட்டீஸ் என்பது அக்கடற்பகுதியின் பழைய பெயர். பிரித்தானிய வானொலியிற் கடலோடிகளுக்கென வாசிக்கப்படும் வானிலை அறிக்கையிலும் அப்பெயர் ஒலிக்கும். 1970ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘சீ குவெஸ்ட்’ என்னுந் துளையிடு மேடையைக் கொண்டு பிரித்தானியப் பெற்றோலியக் கம்பனியார் இவ்வயலைக் கண்டனர். 1975 நவம்பர் 3ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் எண்ணெய்ப் பாய்ச்சலை முறைப்படி தொடக்கி வைத்தார். அப்பத்தாண்டின் இறுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெய் இங்கிருந்து கரை சேர்ந்தது.

நிலத்தின் கீழே எண்ணெய் ஒரு குளம்போலத் தேங்கி நிற்கின்றதென்று பலர் கருதுவர். உண்மை அதுவன்று. போர்ட்டீஸ் வயலின் எண்ணெய், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலிற் படிந்த மணற்கல்லின் நுண்துளைகளிலே அடங்கியுள்ளது. அம்மணல், வாய்க்கால்கள் போல வளைந்தும் கிளைத்தும், ஒன்றன்மேலொன்றாகவும் படிந்தது. இடையிடையே எண்ணெயை ஊடுருவவிடாத களிப்பாறைப் படைகள் உள்ளன. எண்ணெயை உந்துவதற்காகச் செலுத்தும் கடல்நீர், எளிய வழி கண்டவிடத்து விரைந்தோடுகின்றது. களிப்பாறையால் மறிக்கப்பட்ட மூலைகளில் எண்ணெய் தீண்டப்படாமலே கிடக்கின்றது. ஆதலால், ஒரு கிணற்றில் நீர் வந்துவிட்டமை அதன் அயலிலுள்ள எண்ணெய் முழுவதும் தீர்ந்தமைக்குச் சான்றாகாது. உலகின் வயல்களிலே பொதுவாக மூன்றில் ஒரு பங்களவு எண்ணெயே மேலே கொணரப்படுகின்றது.

இவ்வாறு மறைந்து கிடப்பதைக் காண்பதற்கு மனிதர் படிப்படியாகவே கற்றனர். 1927ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் பெசெல்புரோன் வயலிலே, சுலும்பேர்சே சகோதரரின் முறைப்படி ஒரு கிணற்றினுள் மின்கருவியை இறக்கிப் பாறைகளின் இயல்பு முதன்முறையாக அளக்கப்பட்டது. எனினும் அது கிணற்றின் சுவரை அண்டிய செய்தியையே கூறிற்று. இரு கிணறுகளுக்கு இடையே என்ன உளதென்பது ஊகமாகவே நின்றது. ஒலியலைகளை நிலத்தினுட் செலுத்தி அவற்றின் எதிரொலியைப் பதிவுசெய்யும் முறை, அவ்விடைவெளியை ஒருவாறு விளக்கியது. ஆயினும் தனித்தனிக் கோடுகள் வழியே எடுத்த தட்டையான படங்களே அதனாற் கிடைத்தன. 1967இல் அமெரிக்காவின் ஊஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள பிரெண்ட்ஸ்வூட் வயலில், நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்றளவையும் ஒருங்கே காட்டும் ஆய்வு நடைபெற்றது. பின்னர் கணினிகளின் ஆற்றல் பெருகவே, இம்முறை உலகெங்கும் பரவியது.

இவ்வளவீடுகளையும் கிணறுகளின் பதிவுகளையும் இணைத்துக் கணினியில் அமைப்பதே முப்பரிமாணப் புவிச்சரித மாதிரியுருவாகும். வயல் முழுவதும் பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு கட்டத்திலும் பாறையின் துளைகள் எவ்வளவு, அவற்றினூடே எண்ணெய் எத்துணை எளிதிற் செல்லும், நீரின் பங்கு யாது என்பன குறிக்கப்படுகின்றன. அதன்பின் ஒரு தேர்வு உண்டு. கிணறுகள் கடந்த ஆண்டுகளில் உண்மையாகத் தந்த எண்ணெயையும் நீரையும் அம்மாதிரியுரு சரியாகக் காட்டல் வேண்டும். காட்டாவிடில் திருத்துவர், மீண்டும் சோதிப்பர். சென்ற காலத்தைச் செம்மையாகக் கூறாத மாதிரியுருவை வருங்காலத்துக்கு எவரும் நம்புவதில்லை. ஆகவே முதிய வயலின் பழைய ஏடுகள் இங்கே பெருஞ் செல்வமாகின்றன. புதிய வயலுக்கு இப்பேறு இல்லை.

போர்ட்டீஸ் வயலிலிருந்து 180 கோடி பீப்பாய் எண்ணெய் பெறலாமென முதலில் மதிப்பிட்டிருந்தனர். 2003ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 250 கோடி பீப்பாய் பெறப்பட்டிருந்தது. எனினும் நாளாந்த உற்பத்தி 40,000 பீப்பாய் அளவுக்கு வீழ்ந்திருந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் அப்பாச்சி கம்பனியார் வயலை வாங்கினர். முன்னைய உரிமையாளர் எடுத்து வைத்திருந்த ஒலியலை அளவீடுகளோடு புதியவற்றை ஒப்பிட்டனர். எண்ணெய் இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் எதிரொலி மாறும்; மாறாத இடங்கள் எண்ணெய் எஞ்சியிருக்கக்கூடிய இடங்கள். அவ்விடங்களைக் குறிவைத்துக் கிணறுகள் துளைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் நாளாந்த உற்பத்தி 60,000 பீப்பாய்க்கு மேல் உயர்ந்தது. வாங்கியபோது எஞ்சியதெனக் கணக்கிட்ட 14 கோடி 40 இலட்சம் பீப்பாயிலும் மிகுதியான எண்ணெய், அடுத்த பத்தாண்டுகளிலே பெறப்பட்டது.

இதனால் முதுமை நீங்கி வயல் இளமை பெற்றதென்று கூறலாகாது. மாதிரியுரு எண்ணெயைப் படைப்பதில்லை. உள்ளதைக் காட்டுவதே அதன் தொழில். கிணறு துளைக்கும் செலவும், பழைய மேடைகளைப் பேணும் செலவும், வரியும் ஒரு நாள் வருவாயை விஞ்சிவிடுகின்றன. 2029ஆம் ஆண்டின் இறுதியோடு வட கடலில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அக்கம்பனியார் 2024இல் அறிவித்தனர்.

எரித்த எண்ணெயின் கரிவாயு புவியை வெப்பமாக்குவதும் இன்று மறக்கத்தக்கதன்று. இவ்விடத்தும் அதே அறிவு வேறொரு பணிக்கு உதவுகின்றது. அதே வட கடலில் நோர்வேயினர் 1996இல் சிலைப்னர் வயலிலே கரிவாயுவை மணற்கல்லினுட் புகுத்தத் தொடங்கினர். அது எங்கே பரவுகின்றதென்பதை மீண்டும் மீண்டும் ஒலியலை கொண்டு அளந்தறிந்தனர். எண்ணெயை வெளிக்கொணரக் கற்ற கலை, கரிவாயுவை உள்ளே அடைத்துக் காவல்செய்யவும் பயன்படுகின்றது. இரண்டுக்கும் அடிப்படை, ஆண்டாண்டாக எடுத்த அளவீடுகளை எறிந்துவிடாது காத்து வைத்தமையே.