விளக்கு, விளக்கம், விளக்கப்படம்

இன்று 'இலஸ்ட்ரேஷன்' என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நாம் அதைப் 'படம்' என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்தச் சொல்லின் வேரில் படம் கிடையாது, வெளிச்சம்தான் இருக்கிறது. 'இல்லுஸ்த்ராரே' என்ற லத்தீன் வினைக்கு ஒளியூட்டுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் ஆன்ம ஒளியைக் குறித்தது. பிறகு தெளிவுபடுத்துதல், உதாரணம் காட்டுதல் என்றானது. புத்தகத்தில் வரும் படம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. 1842இல் 'இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்று ஒரு வார இதழே தொடங்கிவிட்டார்கள். தேவாலயத்தில் போதகர் ஒரு சின்னக் கதை சொல்லி அதை 'இலஸ்ட்ரேஷன்' என்கிறாரே, அவர் பழைய பொருளில்தான் பேசுகிறார்.

தமிழில் இதே வெளிச்சம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது. விளங்கு என்றால் ஒளிர். புரி என்றும் பொருள். எரிவதும் விளக்கு, சொல்லிப் புரியவைப்பதும் விளக்கு. பாத்திரத்தையும் விளக்குகிறோம். லத்தீன் 'லுஸ்த்ராரே'வுக்கும் சுத்திகரித்தல் என்ற பொருள் உண்டு என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதனால் 'விளக்கப்படம்' என்பதுதான் என் தேர்வு. சிலர் 'ஓவியம்' என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஓவியம் தனியாக நிற்கும். விளக்கப்படம் இன்னொன்றைப் புரியவைக்க வந்தது.

நர்சிங் படித்தவர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட 'கிரேஸ் அனாட்டமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1858இல் லண்டனில் வந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர் என்ற இளம் மருத்துவர். அதற்கு முந்தைய உடற்கூற்று நூல்கள் பலவற்றில் எலும்பின்மேல் ஒரு சிறு எழுத்தோ எண்ணோ இருக்கும். அதன் பெயரைப் பக்கத்தின் அடியில் தேட வேண்டும். கார்ட்டர் நரம்பின் பெயரை நரம்பின்மேலேயே எழுதினார், தசையின் பெயரைத் தசைமேலேயே எழுதினார். கண் அலையவேண்டியதில்லை. மாணவர்கள் அந்த நூலை விரும்பியதற்கு இது பெரிய காரணம் என்பேன். அவருக்குக் கிடைத்தது ஒரே தடவையாக 150 பவுண்டு. கிரேக்கு விற்பனையில் பங்கு. தலைப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தாக்கும்படி கிரே அச்சுப்படியில் திருத்தினார். வெளிச்சம் கொண்டுவந்தவர் நிழலில் நின்றார். அதே 1858இல் கார்ட்டர் பம்பாய்க்கு வந்து, பிறகு தொழுநோய் ஆராய்ச்சியில் ஆண்டுகளைச் செலவிட்டார்.

அந்த நூல் தமிழுக்கும் வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவருடைய முயற்சியில் 1872இல் கிரேயின் நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று வெளியானது.

என் வார்டில் தமிழ்ப் பெரியவர்கள் வந்தால் அவர்கள் மொழியில் சொல்லி, ஒரு தாளின் பின்புறம் பித்தப்பையை வரைந்து, கார்ட்டர் மாதிரி அதன்மேலேயே பெயரை எழுதுவேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்ப கல்லு இதுக்குள்ளயா இருக்கு, பிள்ளை?"