ஒரே உலை, ஒரே பந்தி

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என வழங்கிய வணிக ஊராகும். சமண, பௌத்தத் திருமேனிகள் அங்குக் கிடைத்திருப்பது, பல சமயத்தார் அவ்வூரில் கூடி வாழ்ந்தமைக்குச் சான்று. இன்று அவ்வூரைச் சுற்றிலும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியே. இத்தகைய சிற்றூர்களில் ஏழைக் குழந்தையின் தட்டில் நல்லுணவு வந்து சேர்ந்தது எவ்வாறு? அவ்வரலாற்றில் திருச்சபை கற்க வேண்டிய பாடம் யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1920-இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு உணவளிக்கத் தொடங்கியது. அது நகரத்து முயற்சி. சிற்றூர்களை எட்டியது 1956-இல் காமராசர் ஆட்சியில் உருவான மதிய உணவுத் திட்டமே. ஒரு குழந்தையின் ஒருவேளை உணவுக்குப் பத்துப் பைசா எனக் கணக்கிட்டு, அதில் 60 விழுக்காட்டை அரசும் எஞ்சிய 40 விழுக்காட்டை உள்ளூராரும் ஏற்பதென வகுத்தனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இப்பணிக்கு ஊர்மக்களின் ஆதரவைத் திரட்டினார். அரசும் ஊரும் கைகோத்த கூட்டுறவு என இதனைக் கூறலாம். ஆயினும் ஊரின் பங்கை நம்பிய ஏற்பாட்டில் ஓர் இடர் மறைந்திருந்தது. எவ்வூருக்கு உணவு மிகுதியும் தேவையோ, அவ்வூருக்கே கொடுக்கும் வலிமை குறைவு. 1961 முதல் கேர் நிறுவனம் வழங்கிய வெளிநாட்டு உணவுப்பொருள்கள் இத்திட்டத்திற்குத் துணையாயின.

1982 ஜூலை 1-ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். அவ்வூர் அமைந்திருந்த திருச்சி மாவட்டத்திலேயே அந்நாளில் விக்கிரமங்கலமும் இருந்தது. பொறுப்பை அரசு ஏற்றமையால், ஊரின் வறுமை குழந்தையின் பசிக்குக் காரணமாகாதபடி வழி பிறந்தது. சமைக்கும் பணியில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிட்டியது. 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் பெண்களையே சார்ந்து நின்றது. ஊர்ப் பணியாளர் குழந்தைகளின் எடையை மாதந்தோறும் பார்த்தனர். எடை ஏறாத குழந்தைக்கு இணையுணவு கொடுத்தனர்.

தானியமும் பணமும் ஆளும் அமைந்தபின் தடை நீங்கிவிட்டதா? இல்லை. யார் சமைப்பது என்ற வினா எஞ்சி நின்றது. சமையற் பணியமர்த்தலில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தரவேண்டுமென உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டது. அதன் பின்னரும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதைச் சிலர் எதிர்த்தனர். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் இத்தகைய எதிர்ப்பு தலைகாட்டியது. 2023-இல் கரூர் மாவட்டத்திலிருந்து அச்செய்தி வந்தது.

இச்செய்தி கேட்டு நாம் பிறரை நோக்கி விரல் நீட்டுதல் எளிது. நம் சபை வரலாறோ நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை அறவே நீக்கும்படி மடல் விடுத்தபோது, தஞ்சைப் பகுதிச் சபைகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருவிருந்தில் எவர் முன் செல்வது என்பதே அங்கு வழக்காயிற்று. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியரிடம் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக உடனுண்ணுதலைக் கோரியது. பலர் அதற்கு இணங்காமல் விலகினர். சமைத்த கை எது என்ற கேள்வி நம் பந்தியிலும் எழுந்ததே.

ஆதித் திருச்சபைக்கும் இச்சோதனை வந்தது. அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு விலகியதைப் பவுல் வெளிப்படையாகக் கண்டித்தார் (கலா. 2). எருசலேமில் அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டபோது, சபையார் எழுவரைத் தெரிந்தெடுத்தனர் (அப். 6). அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பது ஊன்றி நோக்கற்பாலது. புறக்கணிக்கப்பட்டோரின் பக்கத்தவர் கையிலேயே பந்தியின் பொறுப்பு வந்ததெனக் கொள்ள இது இடந்தருகிறது.

2024 ஜூலை 15 முதல் காலை உணவுத் திட்டம் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்துள்ளது. அவற்றுள் நம் சபைப் பள்ளிகளும் அடங்கும். ஆகவே இவ்வரலாறு நம் வாசலுக்கே வந்துவிட்டது. சபைக்குருவானவர் சமையற்கூடத்தைப் பார்வையிட்டுத் திரும்புதல் போதாது. ஊரார் தயங்கும் கையால் ஆக்கிய சோற்றைக் குழந்தைகளோடு அமர்ந்து உண்ண வேண்டும். ஞாயிறுதோறும் நாம் எடுத்துக்கொடுக்கும் அப்பத்தின் பொருளை ஊர் அங்கேதான் அறிந்துகொள்ளும்.