அரிசி வாங்கின கார்டு, கடன் வாங்கின கதை

பர்சனல் லோனுக்கு அலைஞ்சவங்களுக்கு இந்தக் கேள்வி நல்லாப் பழக்கம்: "அட்ரஸ் ப்ரூஃப் என்ன இருக்கு?" சம்பளச் சீட்டு இருக்கும், பான் கார்டு இருக்கும், சிபில் ஸ்கோரும் நல்லா இருக்கும். ஆனா வாடகைக்குக் குடியிருக்கிறவர் இந்த இடத்துல வந்து நின்னுடுவார். கரன்ட் பில் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. ஆதார் சொந்த ஊர் விலாசத்துல இருக்கு. இன்னிக்கு இந்த ஒரு தாளோட வரலாற்றைத்தான் பார்க்கப் போறோம்.

ஒரு விஷயத்தை முதல்லயே பிரிச்சு வெச்சுக்கலாம். கடன் கொடுக்கிறவர் விலாசம் கேட்கிறது, பணம் வரலைன்னா எங்கே வந்து உங்களைப் பிடிக்கிறதுன்னு தெரிஞ்சுக்க. அரசாங்கம் கேட்கிறது, இந்தக் கணக்குக்குப் பின்னாடி நிஜமான ஆள் இருக்காரான்னு தெரிஞ்சுக்க. இது ரெண்டும் வேற வேற கேள்வி. ரெண்டும் ஒரே ஃபார்ம்ல வந்து சேர்ந்தது கடந்த 20, 25 வருஷத்துலதான்.

பழைய கடன் பத்திரம் வீட்டுல இருந்தா எடுத்துப் பாருங்க. இன்ன ஊர், இன்ன தெருவில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்றுதான் தொடங்கும். விலாசம் இருக்கும், ஆனா அதுக்கு நிரூபணம் எதுவும் இணைச்சிருக்காது. எழுதிக் கொடுக்கிறவரை வாங்கிக்கிறவருக்குத் தெரியும். இல்லைன்னா, சாட்சிக் கையெழுத்துப் போடுறவருக்குத் தெரியும். சட்டம்கூட அப்படித்தான் யோசிச்சது. மெட்ராஸ் மாகாண அதிகாரி ஃப்ரெடரிக் நிக்கல்சன், ஐரோப்பாவின் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லயும் 1897-லயும் அறிக்கை கொடுத்தார். பிறகு 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சங்கம் தொடங்க குறைந்தது பத்துப் பேர் வேணும். அவங்க ஒரே ஊர்க்காரங்களா, பக்கத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரங்களா இருக்கணும். இல்லைன்னா ஒரே சாதியா இருக்கணும். அதாவது, அக்கம்பக்கம்தான் அட்ரஸ் ப்ரூஃப்.

இதைக் கேட்டதும் 'அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்'னு தோணலாம். எனக்கு அப்படித் தோணலை. ஊருக்குத் தெரிஞ்சவனுக்குக் கடன் என்றால், ஊர் யாரை மதிக்கலையோ அவனுக்குக் கடன் இல்லைன்னும் அர்த்தம். பின்னாடி வந்த பேங்குகளிலும் இதே பழக்கம்தான் தொடர்ந்தது. கணக்குத் தொடங்க, அங்கே ஏற்கெனவே கணக்கு வெச்சிருக்கிற ஒருத்தர் 'இவரை எனக்குத் தெரியும்'னு கையெழுத்துப் போடணும். இன்ட்ரொடக்‌ஷன்னு சொல்வாங்க. ஊருக்குப் புதுசா வந்தவர் அந்தக் கையெழுத்துக்கு யாரைத் தேடிப் போவார்?

அந்த இடத்துலதான் ரேஷன் கார்டு உள்ளே வருது. இரண்டாம் உலகப் போர் சமயம், வங்காளப் பஞ்சம் நடந்துக்கிட்டிருந்த 1943-ல், கிரெகரி கமிட்டி ஒரு பரிந்துரை கொடுத்தது: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ரேஷன் முறை வரணும். ஒரு குடும்பம் ரெண்டு கடையில் அரிசி வாங்கிடக் கூடாதே! அதனால கார்டுல குடும்பத் தலைவர் பேர், ஆள் கணக்கு, வீட்டு விலாசம், எந்தக் கடை எல்லாம் எழுதினாங்க. வீடு மாறினா பழைய இடத்துல பேரை நீக்கி, அதுக்குச் சான்று வாங்கிக்கிட்டுப் போய்த்தான் புதுக் கார்டு. விலாசத்தை உண்மையிலேயே சரிபார்த்து வெச்சிருந்த அரசாங்கத் தாள் சாதாரணக் குடும்பத்துக் கையில வேற எது இருந்தது? பாஸ்போர்ட்டா? அரிசிக்காக அடிச்ச கார்டு கேஸ் கனெக்‌ஷனுக்கு, ஸ்கூல் அட்மிஷனுக்கு, கடைசியில பேங்குக்கும் போக ஆரம்பிச்சது.

அடுத்த திருப்பம் வேற திசையிலேருந்து வந்தது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குறதைத் தடுக்கிற சட்டம் 2002-ல் நிறைவேறி, 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. நடுவுல, 2004 நவம்பரில் ரிசர்வ் வங்கி கே.ஒய்.சி. வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதோட பின்னிணைப்புல விலாசத்துக்கான ஆவணங்கள்னு ஒரு பட்டியல்: டெலிபோன் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், கரன்ட் பில், ரேஷன் கார்டு, வேலை கொடுத்தவர் கடிதம். கவனிங்க, ரேஷன் கார்டு அதுல இருக்கு.

அப்புறம் பட்டியல் இறுகிடுச்சு. இப்போ முதல் வரிசையில பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஆதார் மாதிரி சில ஆவணங்கள்தான். அதுல இப்போதைய விலாசம் இல்லைன்னா, ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட கரன்ட் பில்லோ தண்ணி பில்லோ கேஸ் பில்லோ, சொத்து வரி ரசீதோ கொடுக்கலாம். ஆனா மூணு மாசத்துக்குள்ள புது விலாசம் போட்ட முதல் வரிசை ஆவணம் ஒண்ணைக் கொண்டுவந்து காட்டணும். வாடகை ஒப்பந்தம்? இந்தப் பட்டியலில் அது ஒரே ஒரு வகைக்குத்தான் உண்டு: அரசுத்துறை, பேங்க், பெரிய கம்பெனி மாதிரி இடங்கள் ஊழியருக்கு ஒதுக்குற குடியிருப்பு. நாமளா வீடு பார்த்து, ஓனர்கிட்ட போட்ட பதினோரு மாச அக்ரிமென்ட் அதுல இல்லை. அது ஏன் பதினோரு மாசம்? 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியே ஆகணும். அந்தச் செலவுக்குப் பயந்து பிறந்த கணக்கு அது.

ரேஷன் கார்டுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2015 மார்ச்சில் வந்த பொது விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவு, இந்தக் கார்டை அடையாளத்துக்கோ வசிப்பிடத்துக்கோ சான்றாகப் பயன்படுத்தக் கூடாதுன்னே சொல்லிடுச்சு. வேடிக்கை என்னன்னா, ஆதாரில் விலாசம் போட ரேஷன் கார்டு செல்லும். பேங்க் கவுன்டர்ல திருப்பி அனுப்பின கார்டு, ஆதார் வழியா சுத்தி அதே கவுன்டருக்கு வந்து சேரும்.

இவ்வளவு இறுக்கத்துல விழுந்தவங்க யாருன்னு பார்த்தா, குடிபெயர்ந்தவங்களும் வாடகைக்கு இருக்கிறவங்களும்தான். பேங்க் கதவு மூடினா இவங்க எங்கே போவாங்கன்னு தமிழ்நாட்டுக்கு நல்லாத் தெரியும். 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துல நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு பேர் பேரா எழுதியிருக்கு. தண்டல்காரர் அட்ரஸ் ப்ரூஃப் கேட்கிறதில்லை. அவர் தினமும் சாயங்காலம் வீட்டு வாசலுக்கே வந்துடுறார்.

விதிகள் கொஞ்சம் இளகவும் செஞ்சிருக்கு. 2014 ஜூனில் ரிசர்வ் வங்கி, நிரந்தர விலாசமோ இப்போதைய விலாசமோ, ஏதாவது ஒண்ணுக்குச் சான்று போதும்னு சொன்னது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஆதார் கொடுக்கிறவர் இப்போ இருக்கிற விலாசம் வேறன்னா தானே எழுதிக் கொடுத்தால் போதும். லோன் ஃபைல் கொடுக்கும்போது இதை நினைவுல வெச்சுக்குங்க. கவுன்டர்ல இருக்கிற எல்லாரும் இதைச் சொல்லமாட்டாங்க. ஆனா இது சட்டத்தோட கேள்விக்கு மட்டும்தான் பதில். எங்கே வந்து பிடிக்கிறதுங்கிற கேள்விக்காகக் கடன் கொடுக்கிறவர் கூடுதலாக் கேட்கலாம், கேட்கவும் செய்றார்.

தேர்தல் ஆணையம் இதே சிக்கலை வேற மாதிரி தீர்த்திருக்கு. வீடே இல்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பிச்சா, அவர் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில போய்ப் பார்க்கணும். ஒரு ராத்திரி இல்லை, ஒண்ணுக்கு மேற்பட்ட ராத்திரி. அந்த ஆள் அங்கேதான் தூங்குறார்னு தெரிஞ்சா வசிப்பிடத்துக்குத் தாள் எதுவும் வேண்டியதில்லை. அப்படிக் கிடைக்கிற வாக்காளர் அட்டை, பேங்கோட முதல் வரிசைப் பட்டியலில் இருக்கு.