அச்சின் கதை: உப்பு வண்டி முதல் படகு வண்டி வரை



‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் வீடுகளில் வழங்கி வரும் பழமொழி. வண்டியைத் தாங்குவது சக்கரம் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், பாரம் முழுவதும் முதலில் இறங்குவது அச்சின் மேல்தான். சக்கரம் நம் கண்ணுக்கு எதிரே சுழல்கிறது. அச்சோ வண்டிக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. அதனால் அது தேய்வதும் நம் பார்வைக்கு எட்டுவதில்லை. தேய்ந்த அச்சை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான், எப்படி மாற்றினான் என்பது ஒரு நீண்ட வரலாறு. பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கும் அதில் பங்கு உண்டு. அதைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அச்சில் இரண்டு வகை உண்டு. மாட்டு வண்டியில் அச்சு அசையாமல் நிற்கும். சக்கரம் மட்டும் அதைச் சுற்றி உருளும். ரயில் பெட்டியில் அப்படியன்று. சக்கரமும் அச்சும் இறுகப் பிணைந்து ஒன்றாகவே சுழலும். நிற்கும் அச்சு ஒரு விதமாகத் தேயும். சுழலும் அச்சு வேறு விதமாகக் கெடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதைப் பற்றிச் சிந்தித்திருக்கின்றனர். சங்க காலத்தில் உப்பு விற்ற வணிகர்களுக்கு உமணர் என்று பெயர். கடற்கரையிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றிக் கொண்டு, மேடும் பள்ளமும் கடந்து, உள்நாட்டு ஊர்களுக்கு அவர்கள் வண்டி கட்டிப் போவார்கள். வழியில் அச்சு முறிந்தால் நடுக்காட்டில் தச்சனுக்கு எங்கே போவது? ஆகவே வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டியே புறப்படுவார்கள். இதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இதைக் குறிப்பிடுகிறார். அதியமான் மகன் பொகுட்டெழினி, ஆபத்தில் உதவும் சேம அச்சைப் போன்றவன் என்பது அவர் கருத்து. ஓர் அரசனைப் புகழ்வதற்கு வண்டியின் மாற்று அச்சை எடுத்துக்காட்டிய புலமை வியப்புக்குரியது அல்லவா?

திருவள்ளுவரும் அச்சை மறக்கவில்லை. மயிலிறகு மிக மெல்லியது. ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் அதுவும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வலியறிதல் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அறிந்து ஏற்ற வேண்டும். இன்றைய பொறியியல் மாணவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடமும் இதுவேயாகும்.

மர அச்சு எப்படித் தேய்ந்தது? வண்டியின் பாரம் அச்சைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆதலால் சக்கரத்தின் குடத்துக்குள் அச்சின் அடிப்பக்கமே அதிகமாக உராய்கிறது. நாளாக நாளாக அந்தப் பக்கம் மெலிந்து, குடத்துக்கும் அச்சுக்கும் இடையே இடைவெளி உண்டாகும். பிறகு சக்கரம் தள்ளாடத் தொடங்கும். உராய்வைக் குறைக்க நம் மக்கள் வண்டி மசகு இட்டனர். வைக்கோலைக் கரியாக்கி, அதை எண்ணெயில் குழைத்து, குடத்துக்குள் பூசும் அந்தக் கறுப்பு மையைப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். பின்னாளில் இரும்பு அச்சு வந்தது. தேய்மானம் குறைந்தது; ஆனால், மசகின் தேவை குறையவில்லை.

பழைமையைப் போற்றும் இடங்களிலும் அச்சை மாற்றத் தயங்கியதில்லை. திருவாரூர்ப் பெருந்தேரை எடுத்துக் கொள்வோம். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அந்தத் தேர் 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அதற்கு இரும்பு அச்சுகளும் சக்கரங்களும் நீரழுத்தத் தடுப்புக் கருவிகளும் பொருத்தித் தந்தனர். தேர் பழையதுதான், திருவிழாவும் பழையதுதான். ஆனால், ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடிக்கும் இடத்தில் அச்சு உறுதியாக இருந்தாக வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்றுக் கொண்டனர்.

இனி நம் பேராக்குக்கு வருவோம். லாருட் வட்டாரத்தில் ஈயம் தோண்டப்பட்ட காலத்தில், சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு ஈயத்தைக் கொண்டு செல்வதே பெரும்பாடு. மழை பெய்தால் மண் பாதை சேறாகிவிடும். வண்டிகள் அச்சு வரை புதைந்து நிற்கும். இந்தத் தொல்லைக்கு முடிவாக, 1885 ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. போர்ட் வெல்ட் என்பது இன்றைய கோல செப்பத்தாங். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையே மலாயாவின் முதல் ரயில் பாதை. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப் பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். பின்னர், ரயில்வேயின் அலுவலகங்களிலும், பாதைகளிலும், பட்டறைகளிலும் தமிழர் பெருந்தொகையினராகப் பணியாற்றினர்.

ரயில் வந்ததும் அச்சின் கதை மாறியது. மர அச்சு முறிந்தால் வண்டி சாயும். இரண்டு மூட்டை சிந்தும். ரயில் அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 1842இலேயே கண்டுவிட்டது. அவ்வாண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சாய் நகரில் மன்னர் விழாவைக் கண்டு களித்த மக்கள் பாரிசுக்கு ரயிலில் திரும்பிக் கொண்டிருந்தனர். முன்னால் சென்ற இஞ்சினின் அச்சு திடீரென்று முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. இஞ்சினின் நெருப்பு பெட்டிகளில் பற்றியது. அக்கால வழக்கப்படி பெட்டிக் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகைச் சுற்றி வந்த கடலோடி துமோன் துர்வீலும், அவர் மனைவியும் மகனும் அவர்களுள் அடங்குவர். புயலுக்குத் தப்பியவரை ஓர் அச்சு முறிவு கொண்டு போனது.

அந்த அச்சு ஏன் முறிந்தது? ஓடி ஓடி இரும்பின் தன்மையே மாறிவிடுகிறது என்று அந்நாளில் பலர் நம்பினர். வில்லியம் ரேங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் அதை மறுத்தார். அச்சின் கனம் சட்டென்று குறையும் மூலையில் ஒரு சிறு வெடிப்பு தோன்றி, அது சிறிது சிறிதாக உள்ளே வளர்ந்து, கடைசியில் அச்சை முறிக்கிறது என்று விளக்கினார். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வேப் பொறியியலாளர், 1850களின் பிற்பகுதி முதல் 1870 வரை அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சிறிய பாரமும், பல இலட்சம் முறை மாறி மாறித் தாக்கினால் அச்சை முறித்துவிடும் என்று மெய்ப்பித்தார். இதனையே உலோகக் களைப்பு என்கிறோம்.

வீட்டில் ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் மடக்கிப் பாருங்கள். முதல் மடக்கில் அது முறியாது. இருபதாவது மடக்கில் முறியலாம். சுழலும் அச்சும் அப்படித்தான். அதன் ஒரே பக்கம் ஒரு கணம் அழுந்துகிறது. பாதி சுற்றியதும் அதே பக்கம் இழுபடுகிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம், ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடினால், சுமார் 64,000 முறை சுழல்கிறது. அத்தனை முறையும் அச்சு மடக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் மண்பானை வாங்கும் நம் தாய்மார்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும்; கீறல் விட்டது மந்தமாக ஒலிக்கும். ரயில் நிலையங்களிலும் ஒருவர் நீண்ட சுத்தியலோடு சக்கரங்களைத் தட்டிக் கொண்டே போவார். அவர் செவிதான் அன்றைய கருவி. பட்டறையில் இன்னொரு முறையும் இருந்தது. அச்சை எண்ணெயில் நனைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணப் பொடியைப் பூசுவார்கள். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறையாகக் கோடிட்டுக் காட்டும். இக்காலத்தில் மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அலைகளை அச்சுக்குள் செலுத்தி வெடிப்பை அறிகின்றனர்.

நம் நாட்டில் இத்தகைய வேலைகளுக்குப் புகழ்பெற்றிருந்தது செந்தூல் ரயில் பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பட்டறை, இரண்டாம் உலகப் போரில் 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் குண்டுவீச்சுக்கு ஆளாகிப் பெரிதும் அழிந்தது. போருக்குப் பின் தொழிலாளர் கைகளால் மீண்டும் எழுந்தது. 2009ஆம் ஆண்டையொட்டி அந்தப் பணிகள் ஈப்போவுக்கு அருகிலுள்ள பத்து காஜாவுக்கு வந்தன. பேராக்கில் தொடங்கிய ரயில், பழுது பார்க்கவும் பேராக்குக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

இந்தக் கதையில் பால்மரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளே பேராக்கில் ரப்பரின் தொடக்கம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகு மோட்டார் வண்டி பெருகியது, தோட்டங்கள் பெருகின, நம் மக்கள் கப்பலேறி வந்தனர். டயருக்கு மட்டுமா ரப்பர் பயன்பட்டது? அச்சின் குடத்தில் கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளே புகாமலும் தடுக்கும் வளையம் ரப்பரால் ஆனது. சிலவகை டிரெய்லர்களில், சதுர இரும்புக் குழாய்க்குள் ரப்பர்த் தண்டுகளைத் திணித்து, அவற்றின் முறுக்கத்தாலேயே குலுக்கலைத் தாங்கும் அச்சும் உண்டு.

படகு ஏற்றும் டிரெய்லருக்கு இப்போது வருவோம். லூமுட் கடலோரத்துக்கும் தெமெங்கோர் ஏரிக்கும் சிறு படகுகளைக் காரின் பின்னால் இழுத்துச் செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டறைகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களிடம் இந்த டிரெய்லர்களும் பழுதுக்கு வருகின்றன. டிரெய்லரின் அச்சும் மாட்டு வண்டி அச்சைப் போல நிற்கும் அச்சுதான். ஆனால், அது மற்ற அச்சுகளைவிட விரைவில் கெடும். ஏன்? நெடுந்தூரம் ஓடி வந்த குடம் சூடாக இருக்கும். படகை இறக்க அதைத் தண்ணீருக்குள் தள்ளியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். கடல்நீராக இருந்தால் உப்பும் சேரும். கிரீஸ் பாலைப் போல வெளுத்துவிடும், பேரிங் துருப்பிடிக்கும், கடைசியில் அச்சின் முனையே அரிபடும்.

சோதிப்பது கடினமன்று. டிரெய்லரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு சுழற்றிக் காது கொடுங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் குடத்தைத் திறக்க வேண்டும். பேரிங் மட்டும் கெட்டிருந்தால் அதையும் வளையத்தையும் மாற்றினால் போதும். பேரிங் உட்காரும் இடத்தில் விரல் நகம் தடுக்குமளவு பள்ளம் விழுந்திருந்தாலோ, அச்சு வளைந்திருந்தாலோ, துரு ஆழமாக அரித்திருந்தாலோ அச்சையே மாற்றுவதுதான் முறை.

பள்ளத்தைப் பற்றவைத்து நிரப்பி ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். பற்றவைக்கும் சூடு எஃகின் உறுதியை மாற்றிவிடும். ரேங்கின் சொன்ன வெடிப்பு அந்த இடத்திலேயே தொடங்கலாம். துத்தநாகம் பூசிய அச்சாக இருந்தால் எழும் புகையும் உடலுக்குத் தீங்கு.

புதிய அச்சு வாங்கும்போது நான்கு அளவுகள் தேவை: சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து எதிர்முகம் வரையுள்ள நீளம், இரண்டு வில் பட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம், சக்கர போல்ட்டுகளின் அமைப்பு, தாங்க வேண்டிய எடை. எடையில் படகோடு இஞ்சின், எண்ணெய், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பொருத்தியபின், இழுகொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் டிரெய்லர் நேராக ஓடும். பழைய யு போல்ட்டுகளை மீண்டும் போடாமல் புதியவற்றையே போடுங்கள். சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடியும் இறுக்குங்கள்.

நேயர்களே, நெடுஞ்சாலையில் கழன்றோடும் சக்கரத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர் மீதும் அது பாயலாம். பேரிங்கும் வளையமும் மாற்றும் செலவு சில பத்து ரிங்கிட். அதைத் தள்ளிப் போட்டால் அச்சு போகும். அதையும் தள்ளிப் போட்டால் ஓர் உயிரே போகலாம். தொலைதூரம் போகிறவர்கள், கிரீஸ் நிரப்பிய ஒரு பேரிங்கையும், ஒரு வளையத்தையும், உதிரிச் சக்கரத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். உமணர்கள் வண்டிக்கு அடியில் கட்டிய சேம அச்சு, நம் காலத்தில் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும்.