ஒத்த நெல்மணிகளும் ஒன்றாகாத ஆன்மாக்களும்

தஞ்சை நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிவைத்த சேவப்ப நாயக்கரின் சபையில் மத்வ பீடத்து விஜயீந்திர தீர்த்தரும், ஸ்ரீவைஷ்ணவராகிய தாதாசாரியரும், சிவாத்வைதத்தை நாட்டிய அப்பய்ய தீக்ஷிதரும் தத்தம் மதத்தை நிலைநிறுத்தி, வேள்வித்தீ மூன்றும் போல விளங்கினர் என்று 1580ஆம் ஆண்டுக் கொடைச் சாசனம் கூறும். இத்தரிசனங்கள் பிரியும் இடங்களுள் முதன்மையானது பேதம் பற்றிய வினா. ஒரு பொருளை, மற்றொன்றன்று, அதுவே என்று நிறுத்துவது எது?

பரமாணு, ஆன்மா முதலிய நித்திய திரவியங்கள் ஒவ்வொன்றிலும் ‘விசேஷம்’ என்னும் தனிப் பதார்த்தம் இருந்து அதனைப் பிறவற்றினின்று வேறுபடுத்துகிறது என்பது வைசேஷிகர் கொள்கை. அந்த விசேஷங்களே தம்முள் எதனால் வேறுபடும்? தாமாகவே எனின், அவ்வியல்பைப் பொருளுக்கே தந்துவிடலாம். இடையில் ஒரு பதார்த்தம் மிகை. வேதாந்த தேசிகர் தத்வமுக்தாகலாபத்தில் இதனைத் தனிப் பதார்த்தமாக ஏற்றிலர். மத்வ சித்தாந்தமும் பேதம் பொருளின் ஸ்வரூபமே என்று கொண்டது. விசேஷம் என்னும் சொல்லை, குணத்தையும் குணியையும் வேறுபடுத்தி வழங்கச் செய்யும் ஆற்றலுக்கு வைத்துக்கொண்டது.

ஸ்ரீவைஷ்ணவர்க்கு இவ்வினா மோக்ஷத்தைத் தொடுவது. ஸம்ஸாரத்தில் தேகமும் ஸுகதுக்கங்களும் ஆன்மாக்களைப் பிரித்துக் காட்டுகின்றன. கர்மம் கழிந்தபின் அவை இல்லை. அனைவரும் ஞானத்தால் ஒத்தவர். பின்னும் பலர் என்பது எங்ஙனம்? பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில், அளவும் எடையும் வடிவும் ஒத்த பொற்குடங்களையும் ரத்தினங்களையும் நெல்மணிகளையும் உதாரணமாக்குகிறார். காவிரி நாட்டாருக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். ஒரே கதிரில் முற்றிய இரு மணிகள் மரக்காலில் விழுந்தால் எது எதுவென்று காட்ட இயலாது. ஆயினும் ஒன்றை விதைத்தால் மற்றொன்று முளைத்ததாகாது. பிரித்தறிய இயலாமை வேறு, பேதமின்மை வேறு.

நெல்லுக்கு இல்லாத ஒன்று ஆன்மாவுக்கு உண்டு. அது ‘நான்’ என்று தனக்குத் தானே தோன்றும். இதனையே ப்ரத்யக்த்வம் என்பர். இத்தோற்றம் மோக்ஷத்தில் அழியுமாயின் மோக்ஷக் கதை தொடங்கும்போதே கேட்பவன் எழுந்து அகன்றுவிடுவான் என்பது ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்தில் எம்பெருமானார் காட்டும் யுக்தி. கீதை இரண்டாம் அத்தியாயத்துப் பன்னிரண்டாம் சுலோகத்தின் பாஷ்யத்திலும், அர்ஜுனனின் மயக்கம் தீர்க்கத் தத்துவம் உபதேசிக்கும் இடத்திலேயே பகவான் ‘நான்’, ‘நீ’, ‘இவர்கள்’ என்று வேறுபடுத்தி அருளியதால் ஆன்ம பேதம் உண்மையே என நிறுவுகிறார்.

இந்தப் பேதம் ஏற்றத்தாழ்வுக்கு இடந்தருவதன்று. சேஷத்வம் எல்லா ஆன்மாக்களுக்கும் பொது. அவன் உகப்புக்கென்றே அனைவரும் உளர். ஆனால் கைங்கரியம் செய்ய ஒருவன் வேண்டும். கோஷ்டியாய் நின்று செய்யப் பலர் வேண்டும். ஆன்மாக்கள் ஒன்றாய்க் கலந்துவிடின் தொழுவாரும் இல்லை, தொழுகையும் இல்லை. ‘அடியேன்’ என்னும் சொல்லில் அடிமையோடு அதைச் சொல்லும் தனியொருவனும் இருக்கிறான். பரமபதத்திலும் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு என்பதே ஆசாரியர்கள் காத்த அர்த்தம்.