கரை தொடும் கப்பல்

நெய்வேலிக்குக் கடல் இல்லை. எனினும், சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றோர் கூடிப் பேசுமிடத்து, இப்பொழுதெல்லாம் கப்பற்பயணமும் பேச்சில் இடம்பெறுகின்றது. 2022 சூன் திங்களில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கிய பின்னர் அந்த ஆசை இன்னும் வளர்ந்திருக்கின்றது. கூடவே ஓர் அச்சமும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதத்தில் ஒரு கால் சோர்ந்தவர், சக்கர நாற்காலியே கதியென இருப்பவர் ஆகியோருக்கு எந்தக் கப்பல் உகந்தது? பெரியதா, சிறியதா?

'பெரியதே' என்று நம் மனம் உடனே விடையிறுக்கின்றது. மின்தூக்கி உண்டு, அகன்ற தாழ்வாரம் உண்டு, மருத்துவர் உண்டு. ஆனால் நமது சோழமண்டலக் கரையின் வரலாற்றைப் புரட்டினால், நடக்க இயலாதவருக்குக் கப்பலின் உள்ளே இருந்த இடர் சிறிது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருந்த இடரே பெரிது என்பது புலப்படும்.

சென்னையிலும் புதுச்சேரியிலும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்ந்த நீரில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து அலைகளைக் கடந்து மக்களையும் பொருள்களையும் கரை சேர்த்தவை 'சலங்கு' எனப்பட்ட தட்டைப் படகுகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இச்சொல் அடிக்கடி வருகின்றது. பலகைகளை ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அறைந்த படகு அலையின் அடியில் பிளந்துவிடும்; தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அறிவார்ந்த அமைப்புதான். ஆயினும் கப்பலினின்று அதில் இறங்குவதற்கு, படகு அலையில் உயரும் அந்த ஒரு நொடியைப் பார்த்துக் காலை வைக்க வேண்டும். இயலாதவரை நாற்காலியில் கட்டிக் கயிற்றால் இறக்குவதுண்டு. கரையருகே வந்ததும் படகோட்டிகள் தோளில் சுமந்து மணலில் விடுவர். கோட்டையின் பெருந்துரையும் குருமடத்து முதியவரும் அவ்வாறே கரையேறினர். அத்தோள்கள் யாருடையவை என நாம் எண்ணுவதில்லை. சென்னை இராயபுரத்தில் 1829-இல் எழுந்த தூய பேதுரு ஆலயம் படகுத் தொழில் செய்த மக்கள் கட்டியது என்பதை மட்டும் இங்கு நினைவூட்டுகிறேன்.

1861-இல் சென்னையில் இரும்புத் தூண்கள் நாட்டிய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டது. 1875-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881 நவம்பர் புயல் அதனைச் சிதைக்க, மீண்டும் கட்டினார்கள். கப்பல் கரையை அணையும் இடம் அமைந்த பின்னரே முதியோர் தம் கால்களால் ஏறி இறங்குவது கைகூடிற்று.

நாகப்பட்டினத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. நாகையில் அது கரைக்கு வாராது. பயணிகளே பெரும்படகில் சென்று, கப்பலின் பக்கவாட்டு ஏணியைப் பற்றி ஏற வேண்டும். மலேயாவில் தோட்டத்தில் உழைத்து, உடல் தளர்ந்து திரும்பும் கிழவருக்கு அந்த ஏணியே பயணத்தின் இறுதிச் சோதனை. 1972 முதல் ஓடிய 'சிதம்பரம்' சுமார் 18,000 டன் எடையளவு கொண்ட பெருங்கப்பல். 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அதன் பயணிகள் சேவை முடிந்தது.

சிறிய கப்பலின் பெருமையைக் காண இலங்கைப் பயணத்தைப் பார்க்க வேண்டும். 1914-க்கு முன்னர் கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை இரயிலில் போவர். அங்கும் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல் பல மைல் தொலைவில் நிற்கும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடியதும் இந்தத் துறையிலிருந்தே. 1914 பிப்ரவரியில் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்னும் மூன்று சிறு கப்பல்கள். ஒன்றுகூட ஆயிரம் டன்னை எட்டாது. பாக் நீரிணையின் ஆழமின்மை பெருங்கப்பலை அனுமதியாது. குறைபாடு எனத் தோன்றிய இதுவே நன்மையாயிற்று! இரயில் தோணித்துறை வரை சென்றது. பயணி பெட்டியினின்று இறங்கிச் சில அடி நடந்து கப்பலில் ஏறினார். மறுகரையிலும் அவ்வாறே இரயில் காத்து நின்றது. அலைமேல் தொங்கும் ஏணி இல்லை. வேளாங்கண்ணிக்கு வரும் இலங்கைத் திருப்பயணிகளுள் முதியோருக்கு இது எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-இல் நின்றது.

இதனால் சிறிய கப்பலெல்லாம் நல்லது என முடிவு கட்டலாகாது. சிறியது அலையில் மிகுதியாக ஆடும். ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு அது துன்பம். மின்தூக்கி இல்லாமலிருக்கலாம். கதவடியில் தண்ணீரைத் தடுக்கும் உயர்ந்த வாயிற்படி இருக்கும். சக்கர நாற்காலி அதனைத் தாண்டாது. ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் சிறு கப்பல்கள் நெரிசல் மிக்க துறைகளில் ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தப்படுவதால், ஒரு கப்பலைக் கடந்தே கரைக்குப் போக நேரும். கங்கையிலோ கப்பல் சிறியதாயினும் படித்துறையின் படிகள் சிறியவை அல்ல.

நமது பக்கத்திலேயே அண்மையில் இரண்டு காட்சிகள். 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 150 இருக்கைகள் கொண்ட 'செரியபாணி' புறப்பட்டது. பருவமழையால் சில நாள்களில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் சேவை மீண்டது. ரஜூலா வெளிக்கடலில் நின்ற அதே நாகையில், இச்சிறு கப்பல்கள் துறையை அணைந்து நின்றன. மறுபுறம், 2025 சூலையில் புதுச்சேரிக்கு வந்த சொகுசுக் கப்பல் கடலிலேயே நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளுக்கு மாறிக் கரைக்கு வந்தனர். பதினோரு தளங்களும் மின்தூக்கிகளும் உடைய கப்பல்தான்; புதுவையில் மட்டும் அது சலங்குக் காலத்துக்குத் திரும்பிவிட்டது. படகு இன்று இயந்திரப் படகு, மிதவை மேடையும் உண்டு. ஆனால் அலை பழைய அலையே.

சட்டம் பேசாமலில்லை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம் இரயில், பேருந்து, விமானம் ஆகியவற்றோடு கப்பலையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, எளிதில் ஏறத்தக்கதாய் அமைக்கச் சொன்னது. 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்னும் சொற்களையும் சேர்த்து வைத்தது. அந்தச் சொற்களின் நிழலில் பல அலுவலகங்கள் நெடுங்காலம் இளைப்பாறின என்பது என் எண்ணம். 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதன் இடத்துக்கு வந்துள்ளது.

ஆகவே முகவரிடம் பணம் கட்டுமுன், எத்தனை தளங்கள், எத்தனை உணவகங்கள் என்று வினவுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலும் கப்பல் துறையை அணையுமா, வெளியே நிற்குமா? வெளியே நின்றால் சக்கர நாற்காலியைப் படகில் ஏற்றுவார்களா? அணைந்தால் சாய்தளமா, படிகளா? அறைக் கதவின் அகலம் என்ன? இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெறுங்கள். சொந்த நாற்காலியின் அகலத்தையும் எடையையும் அளந்து அனுப்புங்கள். அலை மிகுந்தால் படகுப் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் தலைவருக்கு உண்டு. அன்று கப்பலிலேயே தங்க நேரும் என்பதையும் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பயண மாதத்தைத் தேர்வதும் முக்கியம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் கடல் கொந்தளிக்கும் காலம்.